சொல்லத்தான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோரே, கோயில் வீதியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

இறுதிப் போரில் வன்னியில் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா, வாய் மூடியிருப்பதா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய ஆசிரியை அவர்கள், "ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள், பிள்ளைகள் படித்து முன்னேறட்டும்" என்றார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் புண் ஆறிவிட்டது என்று அவரிடம் சொன்னவர் யார்?

நான் ஏட்டில் படித்துவிட்டு வந்து பேசவில்லை. 2008ஆம் ஆண்டின் கடைசியில், தருமபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவன் நான். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் தொடங்கிய கணக்கில் என் அக்கா ஏற்கெனவே போயிருந்தார். அந்தக் கணக்கு போதாமல் போனதும் எனக்காக வந்தார்கள். இரண்டு மாதம் அம்மா என்னை ஒரு குழிக்குள் இறக்கி, மேலே விறகு அடுக்கி வைத்திருந்தார். பிள்ளைபிடிகாரர் வந்தால் பக்கத்துக் கொட்டிலில் யாராவது இருமுவார்கள். ஒருநாள் இருமல் கேட்கவில்லை. வாகனத்தின் பின்னால் ஓடிவந்த அம்மா மண்ணை அள்ளித் தூற்றியது மட்டும் கேட்டது.

முதல் வேலையாக முடியை ஒட்ட வெட்டினார்கள். ஓடினால் தலையே காட்டிக்கொடுக்கும். பயிற்சி பன்னிரண்டு நாள். தப்பிப் போய்ப் பிடிபட்ட ஒருவனை எங்கள் முன்னால் நிறுத்திப் பச்சை மட்டையால் அடித்தார்கள். அடியை எண்ணும் வேலை எங்களுக்கு. நானும் எண்ணினேன், நடுவர் அவர்களே. இந்த வாயால்தான் எண்ணினேன்.

2009 மார்ச், புதுக்குடியிருப்புப் பக்கம். எங்கள் மண் அணையில் அடுக்கியிருந்தவை சாக்கு மூட்டைகள் அல்ல, சேலைகள். சனங்கள் பெட்டியில் வைத்திருந்த சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பியிருந்தார்கள். என் முகத்துக்கு நேரே இருந்தது ஒரு கூறைச் சேலை. சிவப்பு, அகலச் சரிகை. வெயில் பட்டால் மின்னும். மின்னினால் எதிரில் இருப்பவனுக்கு இடம் தெரிந்துவிடும், சேறு பூசு என்றார்கள். யாரோ ஒரு பெண் தாலி கட்டிக்கொண்ட நாளில் உடுத்த சேலைக்கு, என் கையால் சேறு பூசினேன்.

எனக்குப் பக்கத்தில் பதினேழு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். அவனும் பிடித்து வரப்பட்டவன்தான். ஒருநேரக் கஞ்சி, அதிலும் உப்பில்லை. முன்னால் எறிகணை, திரும்பி ஓடினால் எங்கள் பக்கத்துத் துப்பாக்கி. ஒரு மாலை ஷெல் அணைக்குப் பின்னால் விழுந்தது. என் சாறத்தை இரண்டு தடியில் கட்டி அவனைத் தூக்கினோம். மருத்துவ இடத்துக்குப் பாதி வழி போகுமுன் பாரம் கூடிவிட்டது. உயிர் போன உடலுக்கு அப்படியொரு பாரம் உண்டு. பனை வடலி ஒன்றின் அடியில் கிடத்தி மண் போட்டோம்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் ஒலிபெருக்கி, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் பதியுங்கள் என்றது. பதிந்தேன். தடுப்பு முகாமில் கழிந்த காலத்தை இங்கே நீட்டவில்லை.

எதிரணித் தலைவர் அவர்கள், "நம் பக்கத்துப் பிழையைப் பேசினால் மற்றவனுக்கு வாய்ப்பாகும்" என்றார். ஐயா, 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களில் எறிகணை விழுந்ததும் இருக்கிறது; கட்டாய ஆட்சேர்ப்பும், தப்பிப் போக முயன்ற சனங்களைச் சுட்டதும் இருக்கிறது. உலகம் படித்துவிட்டது. நம் பிள்ளைகள்தான் நம் வாயால் இன்னும் கேட்கவில்லை. மேடையில் எங்களுக்கு இரண்டு பெயர்கள்தான் வைத்திருக்கிறார்கள்: மாவீரன், இல்லையென்றால் பயங்கரவாதி. அழுதுகொண்டே ஏற்றப்பட்ட பிள்ளையை இந்த இரண்டில் எதற்குள் வைப்பீர்கள்?

இன்னும் ஒன்று. 2017 பெப்ரவரி 20 முதல், கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் காணாமல் போன தங்கள் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அந்தப் படங்களுக்குள், வடலியடியில் விட்டுவந்த அந்தத் தம்பியின் முகத்தைக் கண்டேன். இறங்கவில்லை. மூன்று தடவை அப்படியே கடந்து போனேன். எதிரணி புகழ்கிற மௌனம் அதுதான். எட்டு ஆண்டு அதைக் காத்தேன். அந்த எட்டு ஆண்டும் அந்தத் தாய் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தார்.

நான்காம் தடவை இறங்கினேன். சொன்னேன். அவர் கத்தவில்லை. நெடுநேரம் கழித்து, "அன்றைக்குச் சாப்பிட்டிருந்தானா, தம்பி?" என்று கேட்டார்.

"கஞ்சி குடித்தான் அம்மா. என் பங்கிலும் பாதி கொடுத்தேன்."

"அந்த வடலியைக் காட்டுவாயா?"

மறுநாள் காலை, நடுவர் அவர்களே, நாங்கள் இருவரும் புதுக்குடியிருப்புக்குப் பஸ் ஏறினோம்.