எட்டிப் பார்க்காத கோரைப் பல்

நேயர்களுக்கு வணக்கம். பற்களுக்குக் கம்பி போடும் சிகிச்சையைத் திட்டமிட முப்பரிமாணப் படம் எப்படி உதவுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது அது தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் அறைக்கு வரும் பெற்றோர் அதைத்தான் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 'முன்பல் தெத்தா இருக்கு டாக்டர்' என்று அம்மா அழைத்து வருகிறார். வாயைத் திறந்து பார்த்தால் தெத்துப் பல் ஒரு பக்கம் இருக்கட்டும், மேல் வரிசையில் வலது பக்கம் கோரைப் பல்லையே காணோம். நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக, கூராக இருக்குமே, அந்தப் பல். அது வர வேண்டிய இடத்தில் பால் பல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

மேல் கோரைப் பல் மூக்கின் ஓரமாக, எலும்புக்குள் ரொம்ப உயரத்தில் உருவாகிறது. அங்கிருந்து இறங்கி வந்து பதினொன்று, பன்னிரண்டு வயதில் தலைகாட்ட வேண்டும். பயணம் நீளம் என்பதால் வழி தவறுவதும் உண்டு. ஞானப் பல்லுக்கு அடுத்தபடியாக எலும்பில் அதிகம் சிக்கிக்கொள்வது இதுதான். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இப்படி ஆகும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

சரி, ஓ.பி.ஜி. எடுக்கிறோம். தாடை முழுவதையும் ஒரே நீளப் படமாகக் காட்டுகிற எக்ஸ்ரே. அதில் கோரைப் பல் சாய்ந்து படுத்திருப்பது தெரிகிறது. அதன் தலை, பக்கத்து வெட்டுப்பல்லின் வேர்மேல் விழுந்திருக்கிறது. ஆனால் அது வேருக்கு முன்னால், உதட்டுப் பக்கம் இருக்கிறதா? பின்னால், அண்ணத்துப் பக்கம் இருக்கிறதா? தோல்பாவைக் கூத்தில் இரண்டு பாவைகளின் நிழல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எது முன்னால் நிற்கிறது என்று சொல்ல முடியாதல்லவா, அதே சங்கடம்.

இதற்குப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. கிளார்க் என்பவர் 1910-இல் விவரித்தது. எக்ஸ்ரே குழாயைச் சற்று நகர்த்தி இரண்டு சின்னப் படங்கள் எடுக்க வேண்டும். குழாய் போன திசையிலேயே பல்லும் நகர்ந்தால் அது அண்ணத்துப் பக்கம். எதிர்த் திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பக்கத்து வேர் என்ன ஆயிற்று என்பதை அது சரியாகக் காட்டாது.

சிக்கிய கோரைப் பல் அந்த வேரைக் கரைத்துவிடலாம். கரைவது முன்புறமோ பின்புறமோ இருந்தால் சாதாரணப் படத்தில் தெரியவே தெரியாது. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சனும் குரோலும் இத்தகைய பிள்ளைகளை சி.டி. ஸ்கேனில் பார்த்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் வேர் கரைந்திருந்தது. அதுவரை நாங்கள் எவ்வளவு தவறவிட்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனால் கம்பி போடும் பிள்ளைக்கு மருத்துவமனை சி.டி. எடுக்க யாருக்கு மனசு வரும்? கதிர்வீச்சு அதிகம். இத்தாலியின் வெரோனாவில் மோட்சோ குழுவினர் 1998-இல் ஒரு மாற்று இயந்திரத்தைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானில் அராய் குழுவினரும் அதே காலத்தில் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். கதிரைக் கூம்பாக விரித்து, தலையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடுகிறது. கணினி அவற்றைக் குட்டிக் குட்டிக் கனசதுரங்களாகக் கட்டியெழுப்புகிறது. ஒவ்வொன்றின் பக்கமும் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர். இதுதான் நான் சொல்ல வந்த முப்பரிமாணப் படம், சி.பி.சி.டி. தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, சில விநாடிகள் ஆடாமல் இருந்தால் போதும். ஆடினால் படம் கலங்கிவிடும்; துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளிடம் அதுதான் பாடு.

அந்தப் படத்தை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் தெரியுமா? சுழலும் மண்டையோட்டுப் படம் பெற்றோருக்குக் காட்ட அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. சீவல் சீவலாகத்தான் பார்க்க வேண்டும். மவுஸ் சக்கரத்தை மெல்ல உருட்டினால் வெட்டுப்பல்லின் வேர் சாம்பல் நிற வட்டமாகத் தெரியும், நடுவில் நரம்பு போகும் கறுப்புப் புள்ளி. மேலே போகப் போக, பின்னாலிருந்து பளிச்சென்ற வெள்ளை வளையம் ஒன்று நெருங்கி வரும். அது கோரைப் பல்லின் எனாமல். இன்னும் நாலு சீவல் மேலே போனால் சாம்பல் வட்டத்தின் ஓரம் தட்டையாகும். அப்புறம் குழியாகும். குழி அந்தக் கறுப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டதா இல்லையா என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

அதைப் பார்த்தபின் திட்டமே மாறும். ஈறை எந்தப் பக்கம் திறப்பது என்பது தெளிவாகிவிடும். கோரைப் பல்லில் சின்னப் பட்டன் ஒட்டி, சங்கிலி கட்டி இழுப்போம். வரிசையை நோக்கி நேராக இழுத்தால் அது வெட்டுப்பல் வேரை உரசிக்கொண்டுதான் வரும். அதனால் முதலில் அண்ணத்துப் பக்கமாக விலக்கிக் கொண்டுவந்து, பிறகுதான் வரிசைக்குத் திருப்ப வேண்டும். கோரைப் பல் விலகியதும் வேர் கரைவது பெரும்பாலும் நின்றுவிடும். வேர் பெரிதும் கரைந்திருந்தால் வேறு கணக்கு. இடத்துக்காக நல்ல முன்கடைவாய்ப் பல்லை எடுப்பதற்குப் பதிலாக அந்த வெட்டுப்பல்லையே எடுக்கலாமா என்று யோசிப்போம்.

இதற்கெல்லாம் இந்தப் படம் ஈடு இணையற்றது. பிளவுபட்ட அண்ணத்தில் எலும்பு வைக்க, தாடை அறுவை சிகிச்சைக்கு, கூடுதல் பற்கள் எலும்புக்குள் ஒளிந்திருக்கும்போது என்றால் நானே எழுதித் தருவேன். பல் நெருக்கம், சிறு இடைவெளி என்று வருகிற சாதாரணப் பிள்ளைக்கு எழுத மாட்டேன். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2012-இலும் அமெரிக்க வாய்-முகக் கதிரியல் அமைப்பின் பரிந்துரை 2013-இலும் சொன்னது இதைத்தான்: எல்லோருக்கும் வழக்கமாக எடுக்காதீர்கள்.

காரணம் கதிர்வீச்சு. அதை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். ஓ.பி.ஜி.க்கு ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயல்பாகவே நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு உலக சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட். ஆக ஓ.பி.ஜி. என்பது சில நாள் கணக்கு. சி.பி.சி.டி.யிலோ ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்தால் சில பத்துகளில் முடியலாம். முழு மண்டையையும் எடுத்தால் பல நூறைத் தொடலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வளரும் உடம்பு கதிர்வீச்சுக்குக் கூடுதல் மென்மையானது. ஒற்றைக் கோரைப் பல்லைத் தேட முழு மண்டையையும் படம் பிடிப்பது வீண்.

இந்தப் படத்துக்கும் குருட்டு இடங்கள் உண்டு. வேரை மூடும் எலும்பு ரொம்ப மெல்லியதாக இருந்தால், அங்கே எலும்பே இல்லாத மாதிரி காட்டிவிடும். பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்லாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். தாடை மூட்டின் ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும்.

இன்னொன்று. கம்பிக்குப் பதிலாகப் போடும், கண்ணுக்குத் தெரியாத கிளிப் விற்பவர்கள் பற்கள் நகரும் வீடியோ காட்டுவார்கள். வாய்க்குள் கேமரா மாதிரி ஒரு கருவியை ஓட்டி எடுத்த அளவு அது. கதிர்வீச்சே கிடையாது, நல்ல விஷயம். ஆனால் அதில் நிஜமாக அளந்தது ஈறுக்கு வெளியே தெரிகிற பகுதி மட்டும். சி.பி.சி.டி.யோடு இணைக்காதவரை வேர்கள் கணினியின் ஊகம்தான்.

பெற்றோருக்கு ஒரு வேலை சொல்கிறேன். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போது பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மேலுதட்டுக்குள் ஈறைத் தடவினால் கோரைப் பல்லின் புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லையென்றால் எச்சரிக்கை. அண்ணத்துப் பக்கம் போகும் பல்லாக இருந்தால், பால் கோரைப் பல்லை அந்த வயதில் எடுத்துவிடுவதால் பல பிள்ளைகளுக்கு அது தானாகவே வழிக்கு வந்துவிடுகிறது. முன்பு சொன்ன அதே எரிக்சனும் குரோலும் 1988-இல் எழுதியபடி, பத்தில் ஏழெட்டுப் பற்கள். அப்படி வந்துவிட்டால் அறுவையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தப் பகுதியை மட்டும் எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்ததும் அச்சடித்த நாலு தாளோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அதில் சீவல்களை உருட்டிப் பார்க்க முடியாது. முழுக் கோப்பையும் சிடி தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், கதிரியல் அறிக்கையோடு. நாளைக்கு வேறு மருத்துவரிடம் போனாலும் மறுபடி எடுக்க வேண்டியிராது.

நன்றி, வணக்கம்.