ரேஸ் பசங்க மேல் பைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

[காட்சி: இரவு, ஈசிஆர். நடுத்தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் நிற்கிறது.]

வணக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஈசிஆரில், அதாவது சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு எக்ஸெல் வண்டி யூ டர்ன் எடுப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பின்னால் காலி மீன் பெட்டி, ஓட்டுகிறவருக்கு அறுபது வயதிருக்கும், தலையில் துண்டு. எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கிறார், தூரத்தில் இரண்டு விளக்கு தெரிகிறது. போய்விடலாம் என்று வண்டியை நகர்த்துகிறார். இரண்டு லேனைக் கடந்து ஓரம் சேர அவருக்கு நாலு வினாடி ஆகும். வருகிற கார் 60-ல் வந்தால் அந்த நாலு வினாடியில் சுமார் 67 மீட்டர் வந்திருக்கும். 140-ல் வந்தால் 155 மீட்டர். இருட்டில் வெறும் இரண்டு விளக்கை வைத்து வருவது 60-ஆ 140-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. விளக்கு சட்டென்று பெரிதாகும்போதுதான் வேகம் உறைக்கும், அதற்குள் அவர் நடுரோட்டில் இருப்பார்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, நாற்பது வருடமாக ரோட்டைக் கடந்த அதே கணக்கில்தான் கடந்தார். அந்தக் கணக்கை அவருக்குத் தெரியாமலே இன்னொருவன் மாற்றிவிட்டான். ரேஸ் விடும் பசங்களையும் பறக்கும் கார்களையும் பற்றி பைக் ஓட்டுகிறவர்கள் பேசும்போது குரலில் வரும் அந்தச் சூடு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது நியாயமா, எவ்வளவு தூரம் நியாயம், அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: காலை நேர சிக்னல். நூற்றுக்கணக்கான இருசக்கர வண்டிகள்.]

முதலில், பைக்காரர் என்றால் யார்? யூடியூப்பில் பார்த்தால் ஜாக்கெட், ரைடிங் பூட்ஸ், ஹெல்மெட்டில் கேமரா, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மாமல்லபுரம் போய் இட்லி வடை சாப்பிட்டுத் திரும்புகிறவர். அவரும் பைக்காரர்தான், ஆனால் அவர் சிறுபான்மை. பெரும்பான்மை யார் என்றால் ஸ்ப்ளெண்டரில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிப் போகிறவர், எக்ஸெல்லில் கேஸ் சிலிண்டரும் பூக்கூடையும் கட்டிப் போகிறவர், ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண், அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கோ பிரியாணி கொண்டு போகும் டெலிவரி தம்பி. இந்தக் கடைசி ஆளை மறந்துவிடாதீர்கள். ரோடு காலியாகிவிட்டது என்று ரேஸ் பசங்க வெளியே வருகிற அதே நேரத்தில்தான் அவன் வேலை உச்சத்தில் இருக்கும். காலி ரோடு என்று ஒன்று கிடையாது, அதில் டெலிவரி பையன் இருக்கிறான், ஷிப்ட் முடிந்து வருகிற நர்ஸ் இருக்கிறார், படுத்திருக்கும் மாடு இருக்கிறது.

ஒரே ஒரு அரசுக் கணக்கு சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த வருடம் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், நூறில் நாற்பத்து நாலுக்கு மேல். அதே வருடம் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884. நாட்டில் நடந்த மொத்தச் சாவுகளில் நூற்றுக்கு 71-க்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. இதையெல்லாம் எந்த டெலிவரி தம்பியும் படித்திருக்க மாட்டான், படிக்கத் தேவையும் இல்லை, வாரம் ஒரு முறையாவது அவன் கண்ணெதிரே இது நடக்கப் பார்க்கிறது.

[காட்சி: பைக்கின் வலது கண்ணாடி. அதில் ஒரு விளக்கு.]

சரி, ஒரு கார் உங்களை அப்படித் தாண்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது? நீங்கள் 40-ல் போகிறீர்கள், பின்னால் 140-ல் கார் வருகிறது. இடைவெளி ஒவ்வொரு வினாடியும் 28 மீட்டர் குறைகிறது. கண்ணாடியில் பார்த்தபோது 150 மீட்டர் தள்ளி இருந்தால் உங்களிடம் இருப்பது ஐந்து வினாடி சொச்சம். இதில் இன்னொரு சிக்கல், நம் வண்டிக் கண்ணாடிகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்தவை, பின்னால் வருவது இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். ஆக உங்கள் மூளை எட்டு வினாடி இருக்கிறது என்று நினைக்கும். அந்த நேரத்தில் முன்னால் ஒரு குழி வந்து நீங்கள் லேசாக வலது பக்கம் ஒதுங்கினால் போதும்.

மோதாமல் தாண்டினாலும் தப்பித்தோம் என்றில்லை. வேகமாக வரும் கார் தன் மூக்குக்கு முன்னால் இருக்கும் காற்றை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே வருகிறது. ஒரு கை தூரத்தில் தாண்டினால் முதலில் அந்தக் காற்று உங்களை ரோட்டோரமாகத் தள்ளும், அடுத்த நொடியே காரின் பக்கமாக இழுக்கும். ஹெல்மெட் ஆடும், ஹேண்டில் தானாகவே வெட்டும். 200 கிலோ பைக் என்றால் சமாளிக்கலாம். 90 கிலோவுக்கும் குறைவான எக்ஸெல்லில், அதுவும் பின்னால் பெரிய பெட்டி கட்டியிருந்தால், காற்று அந்தப் பெட்டியில் மோதும். ஈசிஆரில் இதோடு ஓரத்து மணலும் சேர்ந்துகொள்ளும். தள்ளிய தள்ளில் சக்கரம் மணலில் ஏறியதும் பிரேக்கைத் தொட்டால் முடிந்தது. கார்க்காரனுக்கு இது தெரியவே தெரியாது. அவன் கணக்கில் அவன் யாரையும் இடிக்கவில்லை.

அந்த வெடிச் சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பட் பட் என்று வெடிக்கும் கார்களைக் கேட்டிருப்பீர்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் ப்ரோகிராமை மாற்றி, தீப்பொறி வர வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட்டு, பெட்ரோலின் ஒரு பங்கு இன்ஜினுக்குள் எரியாமல் சைலன்சர் குழாய்க்குள் போய் எரிகிற மாதிரி செய்வார்கள். வண்டிக்கு இதனால் ஒரு குதிரைத் திறன்கூட அதிகமாகாது, வெறும் சத்தம். பக்கத்தில் பைக்கில் போகிறவருக்கோ அது காதோரம் வெடித்த வெடி. அவர் திடுக்கிட்டால் கையும் சேர்ந்து திடுக்கிடும், கையில்தானே ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இருக்கிறது. இதே வேலையை சைலன்சர் மாற்றிய பைக்குகளும் செய்கின்றன, அதில் எனக்கு எந்தப் பாரபட்சமும் இல்லை.

[காட்சி: பழைய ஆர்எக்ஸ் 100, அருகே ஒரு புது கேடிஎம்.]

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருவோம். வேகம் பிடிக்காததால்தான் பைக்காரர்கள் கோபப்படுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த அண்ணன்மாரைக் கேளுங்கள், சோழவரம் என்றாலே அவர்கள் முகம் மாறும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. வேகத்தின் மேல் இருக்கும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல, அது கெட்ட ஆசையும் அல்ல. பதினெட்டு வயதில் வண்டியை முறுக்கிப் பார்க்கும்போது வயிற்றுக்குள் வரும் அந்தக் கூச்சம் பைக் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் நம் கோபத்தில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. ரைடர் குரூப்புகளில் கவனித்துப் பாருங்கள். மெரினாவில் பைக் ரேஸ் விட்டு ஒரு பையன் விழுந்தான் என்றால் "பாவம், சின்னப் பையன்" என்பார்கள். அதே வயதுப் பையன் காரில் பறந்தான் என்றால் "பணக்காரத் திமிர்" என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஏனென்றால் பைக்கில் வேகமாகப் போகிறவன் மேல்தான் முதல் அடி விழும். காரில் போகிறவனைச் சுற்றி இரும்பும் ஏர்பேக்கும் இருக்கிறது, அடி முழுக்க வெளியே இருப்பவனுக்குத்தான். ஆனால் ரோட்டைக் கடக்கும் பாட்டிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 120-ல் வரும் 160 கிலோ பைக் ஒரு மனிதரைக் கொல்லப் போதும். ரேஸ் விடும் பைக் பையனை நம்ம ஆள் என்று தட்டிக்கொடுக்கும் வரை காரில் பறப்பவனைத் திட்டும் தகுதி நமக்குப் பாதிதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கோபம் நாடு முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தது 2024 மே மாதத்தில். மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் பைக்கில் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்துபோனார்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவனுக்கு வயது பதினேழு. சில மணி நேரத்திலேயே ஜாமீன், நிபந்தனைகளில் ஒன்று சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை. அப்புறம் ரத்த மாதிரியையே மாற்றியதாக வழக்கு, மருத்துவர்கள் கைது. அது ரேஸ் அல்ல, ஆனாலும் இந்தியாவில் பைக் ஓட்டும் ஒவ்வொருவரும் அந்தச் செய்தியில் தன்னைப் பார்த்தார்கள். இன்னொரு விஷயம், அந்த போர்ஷே டைகான் என்ற மாடல், முழு மின்சாரக் கார். இன்ஜின் உறுமல் கிடையாது. பின்னால் ஏதோ வருகிறது என்று காது கொடுக்கும் எச்சரிக்கையும் இனிமேல் குறைந்துகொண்டேதான் போகும்.

[காட்சி: ஆர்டிஓ மைதானம். ஒருவர் எட்டு போடுகிறார்.]

சட்டம் என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் பொது இடத்தில் ரேஸ் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 18 வயது ஆகாதவன் ஓட்டி மாட்டினால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு பெற்றோர் மேலும் வண்டி உரிமையாளர் மேலும் பாயும்: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தாளில் பார்த்தால் கடுமையாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் மேம்பாலங்களை மூடுகிறார்கள், ரேஸ் வீடியோ ஒன்று வைரலானால் அடுத்த வாரம் செக்கிங் போட்டு வருகிற போகிற இளைஞன் எல்லோரையும் ஓரங்கட்டுகிறார்கள். ரேஸ் விட்டவன் அன்றைக்கு வீட்டில் இருப்பான், வேலைக்குப் போகிறவன் அரை மணி நேரம் நிற்பான். பைக்காரர்களின் எரிச்சலில் பாதி இது.

எனக்கு இன்னும் பெரிய ஓட்டையாகத் தெரிவது லைசென்ஸ். இங்கே பதினெட்டு வயதில் ஒரு எட்டு போட்டு கியர் வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் அன்றைக்கே 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பாவில் அப்படி விடுவதில்லை. பெரிய பைக்குக்கு முந்திய படியில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத் திறனுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு வருடம் அதை ஓட்டிய பிறகோ, 24 வயது ஆன பிறகோதான் அதற்கு மேல். நம் கல்லூரிப் பசங்க கனவு காணும் கேடிஎம் 390 டியூக் பைக்கூட அந்த வரம்புக்குள் வந்துவிடும், ஆக இது பசங்க ஆசையை ஒன்றும் பறித்துவிடாது. இந்தப் படிமுறையை இங்கேயும் கொண்டு வர வேண்டும், காருக்கும் சேர்த்து.

[காட்சி: தீவுத்திடல் சுற்று, கான்கிரீட் தடுப்புகள், இரவு விளக்குகள்.]

அப்புறம், ஆசை இருக்கிறவன் எங்கே போவான் என்ற கேள்வி. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு இரவுப் பந்தயம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நாம் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற அதே ரோடு. இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, அதன் மேல் வலை, வளைவுக்கு வளைவு கொடி பிடித்த ஆட்கள், மருத்துவக் குழு. ட்ராக் பாதுகாப்பானது என்று சான்றிதழ் கைக்கு வரும் வரை ஒரு காரும் பந்தயத்துக்குக் கிளம்பவில்லை, முதல் நாள் நிகழ்ச்சியே அதனால் தள்ளிப்போனது. வேகத்துக்கு வேண்டிய மரியாதை இதுதான். ரேஸ் பசங்களிடம் பேசும்போது நான் இதைத்தான் காட்டுவேன்.

நிரந்தர ட்ராக்கும் நம்மிடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்தது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ட்ராக்கில் பந்தயத்துக்குப் போனால் வண்டியைப் பரிசோதிப்பதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். கண்ணாடியைக் கழற்று, ஸ்டாண்டைக் கழற்று, விளக்குக் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் டேப் ஒட்டு, ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி போட்டுக் கட்டு. உடம்புக்கு முழுத் தோல் உடை, முதுகுக்குக் கவசம். இதையெல்லாம் ஒரு முறை செய்தவனுக்கு டி-ஷர்ட்டும் செருப்புமாக ஈசிஆரில் 140 போவது என்னவென்று தானாகவே புரியும். சிக்கல் செலவில்தான் இருக்கிறது. உடைக்கும் கட்டணத்துக்கும் டயருக்கும் ஆகும் பணம் பழைய வண்டியை வைத்து ஓட்டுகிற மாணவனுக்குக் கட்டுப்படியாகாது, அவன் ரோட்டுக்குத்தான் வருவான்.

ரைடர் குரூப்புகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சிக்னலில் பக்கத்தில் நின்று முறுக்குகிறவனைப் பார்க்காதீர்கள், அவன் போகட்டும், பின்னால் கார் பறந்து வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். ரோட்டில் 200 காட்டும் ஸ்பீடோமீட்டர் வீடியோவுக்கு ஒரு லைக்கும் போடாதீர்கள், அது நம்ம குரூப் பையன் போட்டதாக இருந்தாலும்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். தீவுத்திடல் பந்தயத்தை நடத்தியதில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குப் பங்கு இருந்தது, ஆக இது முடியாத காரியம் அல்ல. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, இருங்காட்டுக்கோட்டையிலோ வேறு எங்காவது மூடிய ஓடுதளத்திலோ 400 மீட்டர் நேர்ப் பந்தயம். லைசென்ஸும் இன்சூரன்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம், பாதுகாப்பு உடை அங்கேயே வாடகைக்கு, ஆம்புலன்ஸ் தயாராக, கட்டணம் ஒரு கல்லூரி மாணவன் கைச்செலவுக்குள். சென்னையில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும், அதன் பிறகு மதுரைக்கும் திருச்சிக்கும் கேட்போம்.