லட்டு எங்கேம்மா?

(அடையாற்றில் ஒரு அடுக்ககத்துப் பெண்கள் கூட்டத்தில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் பேசியது. பேச்சை லேசாகத் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். ரோஸ் ரிப்பன் எனக்கும் குத்திவிட்டீர்கள், நன்றி. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'புற்றுநோயை வென்ற வீராங்கனை' என்று போட்டிருக்கிறது. நான் வேளச்சேரியில் கணக்கு டீச்சர். எனக்கு மருந்து கேட்டது, ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நான் வென்றேன் என்றால், பக்கத்துப் படுக்கையில் இருந்து போய்ச்சேர்ந்த அக்கா தோற்றுவிட்டார் என்று அர்த்தமாகிவிடும். அதனால் அந்தப் பட்டம் வேண்டாமே.

கட்டியைத் தடவிப் பார்ப்பது, மேமோகிராம் எடுப்பது பற்றியெல்லாம் எனக்கு அடுத்து டாக்டரம்மா பேசுவார். நான் பேச வந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது இந்த வியாதி வந்தால், அவர்களிடம் என்ன சொல்வது?

இது யாரோ ஒருத்திக்கு வரும் சங்கடம் இல்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம். அதுவும் மேல்நாட்டுப் பெண்களைவிட இங்கே சராசரியாக 10 வருடம் முந்தி வருகிறது. எனக்கு வந்தபோது வயது 38. பெண்ணுக்கு 8, பையனுக்கு 4. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிற வயது.

இடது பக்கம் ஒரு கட்டி. "பால் மறக்கடிச்சப்போ கட்டிக்கிட்டதா இருக்கும், தானா கரைஞ்சிடும்" என்றார் என் அம்மா. கணக்கு டீச்சரான நான் அதை நம்பி நாலு மாதத்தை விட்டேன். அது என் முட்டாள்தனம், யார் மேலும் பழி இல்லை. பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், கடைசியில் கரண்ட் என்றார்கள். கரண்ட் என்றால் கதிர்வீச்சு. இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம்.

பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னது: "அம்மாவுக்கு நெஞ்சுல கொஞ்சம் உடம்பு சரியில்ல." மார்பு என்று சொல்லக் கூச்சம். இந்த நெஞ்சு என்ன வேலை செய்தது தெரியுமா? பையன் அதைக் கீழ்வீட்டில் போய்ச் சொல்ல, அந்த அம்மா எனக்கு ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ஒரு மாதம் எண்ணெய் இல்லாத குழம்பாகக் கொடுத்தனுப்பினார். (சிரிப்பு) பாவம், நல்ல மனுஷி.

முதல் கீமோ முடிந்து 17ஆம் நாள் தலையணையெல்லாம் முடி. பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் ட்ரிம்மரை எடுத்து மொத்தமாக வழித்துவிட்டார். நம் ஊரில் மொட்டைக்குக் காரணமா இல்லை? "அம்மா ராத்திரியோட ராத்திரியா திருப்பதி போயிட்டு வந்தேன்" என்றேன்.

பையன் கையை நீட்டினான். "லட்டு எங்கேம்மா?"

இதை நாங்கள் யோசிக்கவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கடையில் லட்டு வாங்கி, பெட்டியைத் தூர எறிந்துவிட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பெண் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். "இதுல கல்கண்டே இல்லையே" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியும்மா. கேன்சர். நீ மாடிப்படியில நின்னு அத்தைகிட்ட ஃபோன்ல அழுதப்போ கேட்டேன்." அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை அந்த வார்த்தையை மூன்று வாரம் தனியாக வைத்திருக்கிறாள். அடுத்து ஒன்று கேட்டாள்: "தம்பி கடிச்சதாலதான வந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான். ஊரிலிருந்து எனக்குத் துணைக்கு வந்திருந்த அம்மா, யாரிடமோ சும்மா சொல்லியிருக்கிறார்: "பால் குடிக்கறப்போ இவன் கடிச்ச கடி கொஞ்சமா? அந்தக் காயந்தான் கட்டியாயிடுச்சோ என்னவோ." பையன் அங்கேயே கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கொஞ்ச நாளாக முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றதை நான் பார்த்திருந்தேன். பல் வலி போல, பல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேனே தவிர, கடிப்பதையே அவன் விட்டுவிட்டான் என்று தோன்றவில்லை.

கடித்ததாலோ அடிபட்டதாலோ இந்த நோய் வராது. பெரியவர்களுக்கே சிலருக்கு இது தெரியாதபோது நாலு வயதுக்கு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைக்கு நாம் விஷயத்தைச் சொல்லாவிட்டால் அது சும்மா இருக்காது. தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் 'என்னாலதான் வந்துச்சு' என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இதுக்குப் பேர் கேன்சர். உங்க ரெண்டு பேராலயும் வரல. யாரும் கடிச்சும் வரல, திட்டியும் வரல. தொட்டா ஒட்டாது, அம்மாகூடப் படுத்துக்கலாம். நான் படுத்திருக்கற நாள்ல பாட்டி சாப்பாடு குடுப்பாங்க, அப்பா ஸ்கூல்ல விடுவாரு. அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பையன் கேட்டது: "பாட்டி சாம்பாரா?"

சாகிற கேள்வியை ஒரு வாரம் கழித்துப் பெண்தான் கேட்டாள். நம் வீடுகளில் அதற்கு என்ன பதில்? "தூ, வாயில அடி, நல்லதே பேசு." என் அம்மா அதைத்தான் சொன்னார். நான் அவரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுச் சொன்னேன்: "இந்த வியாதியில சில பேர் செத்துப்போறாங்க. நிறைய பேர் பொழைச்சுக்கறாங்க. எனக்கு மருந்து குடுக்கறாங்க. அது வேலை செய்யலன்னு டாக்டர் சொன்னா, நானே உங்கிட்ட வந்து சொல்லுவேன். வேற யார் சொல்றதையும் நீ கேட்க வேண்டாம்." 'ஒண்ணும் ஆகாது' என்று நான் சத்தியம் பண்ணவில்லை. அது என் கையில் இல்லை. வந்து சொல்வது என் கையில் இருந்தது.

சொல்லிவிட்டால் பல வேலை சுலபமாகும். கீமோவில் ஒரு சிவப்பு மருந்து உண்டு, ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை பையன் பாத்ரூமில் பார்த்துவிட்டு ரத்தம் என்று அலறினான். அடுத்த தடவை முன்கூட்டியே சொன்னேன், வந்து ஆர்வமாக எட்டிப் பார்த்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்பதால் காலண்டரில் அம்மா படுத்திருக்கும் நாட்களுக்குப் பெண் நீலக் கலர் அடித்தாள். ரத்த அணுக்கள் குறைகிற நாட்களில் ஜுரம் 100.4ஐத் தொட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெர்மாமீட்டர் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

கிளாஸ் டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். பையன் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று டீச்சர் அன்றே ஃபோன் பண்ணியது, விஷயம் தெரிந்திருந்ததால்தான். கீமோவில் இருப்பவருக்கு அம்மை ஆபத்து. டாக்டரைக் கேட்டு, பையனை மூன்று வாரம் அத்தை வீட்டில் விட்டோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த கஷ்டம் வேறு. நம் பிள்ளைகள் எல்லாம் இடது இடுப்பில் வளர்ந்ததுகள். எனக்கு வெட்டினதும் இடது பக்கம். "தூக்கு" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான், தூக்க முடியாது. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, இடது பக்கம் தலையணை வைத்து, "வலது பக்கமா நீயே ஏறி வா" என்பேன். மலை ஏறுவது மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவான்.

கரண்ட் வைக்கும்போது "பிள்ளைங்கள கிட்ட சேர்க்காத" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்தார்கள். வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. மெஷினை நிறுத்தினதும் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம். பெட் ஸ்கேன் (PET) வேறு, அதற்குக் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் உடம்புக்குள் ஏற்றுவார்கள். அது எடுத்த அன்றைக்குச் சில மணி நேரம் சின்னப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாதம் பிள்ளையைத் தள்ளி வைத்த தாய்மார்களை எனக்குத் தெரியும்.

இதே அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். கூடப்பிறந்த தங்கையை இந்த வியாதிக்குப் பறிகொடுத்தவர் அவர். 70 வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்னமும் நாம் பக்கத்து வீட்டில் 'அந்த வியாதி' என்றுதான் குரலைத் தாழ்த்துகிறோம். குரல் தாழ்ந்தால் பிள்ளைகள் காது நிமிரும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லையென்றால் கோபித்துக்கொள்வார். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை, ரிப்பன் கட்டாயம். வீட்டில் மொட்டைத் தலையோடு நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, அவர் பின்னக் கற்றுக்கொண்டார். ஒரு ஜடை காதுக்கு மேலே, ஒரு ஜடை காதுக்குக் கீழே. அவள் அப்படியே போனாள்.

இப்போது ஐந்து வருடம் ஆகிறது. போன வாரம் செக்கப். வெளியே வந்து வீட்டுக்கு ஃபோன் பண்ணினால் எடுத்தது பையன். "பாட்டிகிட்ட குடுடா" என்றேன். "மாட்டேன், நீ எங்கிட்ட சொல்லு முதல்ல" என்றான். சொன்னேன். "சரி" என்றான். பிறகுதான் பாட்டியைக் கூப்பிட்டான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். மைக்கை அந்தக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள், அங்கே ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.