முதல்ல மூணு செகண்டு வாங்கிக் குடுங்க, அப்புறம் ஸ்டாரைத் தேடுங்க

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க பேச்சாளர்களுக்கும், பிரியாணி எப்ப வரும்னு கிச்சன் கதவையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இருக்க நம்ம சின்சினாட்டி சொந்தங்களுக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட்ல முதல்ல எடுக்க வேண்டியது ஸ்டாரையா, முன்னாடி நின்னு காக்குற லைன்மேனையா, இதுதான் இன்னைக்குத் தலைப்பு, நான் லைன்மேன் பக்கம்.

எனக்கு முன்னாடி பேசுன எதிரணி தம்பி நல்லாத்தான் பேசுனாரு, நானே ரெண்டு தடவ கை தட்டிட்டேன், எங்க அணி அக்கா முறைச்சதும் நிறுத்திட்டேன். தம்பி என்ன சொன்னாரு? 2021 டிராஃப்ட்ல நம்ம ஊர் டீம் பெங்கால்ஸ் அஞ்சாவது பிக்ல ஜமார் சேஸ எடுத்தாங்க, பந்தைப் புடிக்கிற ரிசீவர், முதல் வருஷமே 1,455 யார்டு, அந்த சீசனே சூப்பர் பவுல் இறுதிப் போட்டி, ஒரு குண்டு லைன்மேனை எடுத்திருந்தா வீட்ல உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டிருப்போம்னு ஒரே போடா போட்டாரு. சரி தம்பி, நீங்க ஆரம்பிச்ச இடத்துல இருந்தே நானும் ஆரம்பிக்கிறேன்.

அதுக்கு முன்னாடி, பேரப்பிள்ளைகளைப் பாக்க ஊர்ல இருந்து வந்திருக்க பெரியவங்களுக்கு ஒரு நிமிஷம். டிராஃப்ட்னா, வருஷா வருஷம் ஏப்ரல்ல 32 டீமும் காலேஜ் பசங்களை வரிசையா எடுப்பாங்க, ஏழு ரவுண்டு, போன வருஷம் மோசமா ஆடுனவனுக்கு முதல் வாய்ப்பு. பந்தை எறியிறவன் க்வார்ட்டர்பேக். அவனுக்கு முன்னாடி அஞ்சு பேரு நிப்பாங்க, இவங்கதான் லைன்மேன், பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேல, நடுவுல ஒரு சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல டேக்கிள். எதிர்ல இருந்து பாய்ஞ்சு வர்றவன் க்வார்ட்டர்பேக்கைத் தொடாம பாத்துக்கிறதுதான் இவங்க வேலை. நம்ம ஊர் தேர்ல முட்டுக்கட்டை போடுறவரைப் பாத்திருப்பீங்க, சாமியப் பாத்து எல்லாரும் கன்னத்துல போட்டுப்பாங்க, சக்கரத்துக்கு அடியில கை விடுறவரு மூஞ்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த ஆளுதான் இந்த அஞ்சு பேரும். மேட்ச் பூரா இவங்க நம்பர் மைக்ல வர்றது ஒரே ஒரு தடவதான், ரெஃபரி "ஹோல்டிங், நம்பர் 72"ன்னு திட்டும்போது.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2021 ஏப்ரல்ல எங்க வீட்ல பெரிய சண்டை. என் பையனுக்கு அப்ப பதினோரு வயசு, சேஸ் வேணும்கிறான், லூசியானா காலேஜ்ல நம்ம க்வார்ட்டர்பேக் பர்ரோவும் சேஸும் ஒண்ணா ஆடி சாம்பியன் ஆனவங்கப்பா, கண்ணை மூடிட்டு எறிவாரு அவரு புடிப்பாருங்கிறான். நான் பனே சூவல் வேணும்கிறேன், ஆரிகன் காலேஜ் டேக்கிள். ஏன்னா அஞ்சு மாசம் முன்னாடிதான் வாஷிங்டன்ல பர்ரோவோட முட்டி ரெண்டு பக்கமும் இடிபட்டு ஏசிஎல்ங்கிற முட்டித் தசைநார் கிழிஞ்சு வண்டில ஏத்திட்டு போனதைப் பாத்தேன். வீட்டுக் கூரை ஒழுகுது, நீ டிவி வாங்கலாங்கிறியேடான்னேன். பையன் ஜெயிச்சான், சேஸை எடுத்தாங்க, நம்பர் 1 ஜெர்சி வாங்கிக் குடுத்தேன், சூவல் ஏழாவது பிக்ல டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனாரு.

அந்த சீசன்ல பர்ரோவை எத்தனை தடவ பந்தை எறியிறதுக்கு முன்னாடியே கீழ தள்ளுனாங்க, அதான் சாக், தெரியுமா தம்பி? ரெகுலர் சீசன்ல 51, லீக்லயே அதிகம். ப்ளேஆஃப்ல டென்னஸி கூட ஒரே மேட்ச்ல 9 தடவ, அதுவும் ஜெயிச்ச மேட்ச்ல, 19-16, கடைசில கிக்கர் 52 யார்டுல இருந்து அடிச்சுக் காப்பாத்துனாரு. அப்புறம் 2022 பிப்ரவரி சூப்பர் பவுல், ராம்ஸ் கூட, அதுல 7 தடவ.

அந்த சூப்பர் பவுலோட கடைசி ப்ளேவை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன், நடுவர் ஐயா மன்னிக்கணும். ஸ்கோர் 23-20, நாம மூணு பாயிண்ட் பின்னாடி, ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்ல, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, பந்து நம்மகிட்டயே இருக்க வேண்டியது ஒரே ஒரு யார்டு, நம்ம புடவை நீளம்கூட இல்ல. பந்து பர்ரோ கைக்கு வருது. அந்தப் பக்கம் சேஸ் ஓடுறாரு, அவரை மறிக்க வேண்டியவரு ஜேலன் ராம்ஸி, லீக்லயே பேரெடுத்த கார்னர், தடுமாறிட்டாரு. சேஸ் தனியா ஓடுறாரு. எறிஞ்சா டச்டவுன், கோப்பை, ஊர்வலம். ஆனா பர்ரோ நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள ராம்ஸோட ஆரன் டொனால்ட் நம்ம கார்டைத் தாண்டி வந்து ஆளைச் சுத்திப் புடிச்சிட்டாரு, பந்து எங்கயோ போய் விழுந்துச்சு, முடிஞ்சது.

எங்க வீட்டு சோபால பையன் அந்த நம்பர் 1 ஜெர்சியோட உட்கார்ந்திருந்தான். ரீப்ளே போடுறாங்க, பாத்துட்டு என்கிட்ட திரும்பி "அப்பா, சேஸ் ஃப்ரீயா இருந்தாருப்பா"ன்னான். ஆமாடா, ஃப்ரீயாதான் இருந்தாரு. தம்பி, நீங்க எடுக்கச் சொன்ன ஆளு சரியான ஆளு, சரியான நேரத்துல சரியான இடத்துல நின்னாரு, ஆனா பந்தை எறிய அரை செகண்டு இல்ல. அந்த அரை செகண்டைத்தான் நான் முதல் ரவுண்டுல வாங்கச் சொல்றேன்.

தம்பி ஒண்ணு கேப்பாரு, கேக்கட்டும், அந்த வருஷம் சூவல் இருந்த லயன்ஸ் மூணே மேட்ச்தான் ஜெயிச்சதேன்னு. உண்மை. ஒரு லைன்மேன் ஒரே வருஷத்துல ஊரை மாத்திடுவான்னு நான் சொல்லவே இல்ல, இது பானைல ஊத்துற தண்ணி மாதிரி மெதுவா ஏறும். ஆனா அதே 2021 டிராஃப்ட்டை முழுசா பாருங்க. பெங்கால்ஸ் முதல்ல ரிசீவர் எடுத்துட்டு ரெண்டாவது ரவுண்டுல ஒரு லைன்மேன் எடுத்தாங்க, ஜாக்சன் கார்மன், அவரு நிலைக்கவே இல்ல. லயன்ஸ் முதல்ல லைன்மேன், அப்புறம் நாலாவது ரவுண்டுல, 112ஆவது ஆளா, ஒரு ரிசீவரை எடுத்தாங்க. அமான்-ரா செயின்ட் பிரவுன். 2023ல சூவலும் ஆல் ப்ரோ, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல், செயின்ட் பிரவுனும் ஆல் ப்ரோ, லயன்ஸ் முப்பது வருஷத்துக்கு மேல ஆனபிறகு ஒரு ப்ளேஆஃப் மேட்ச் ஜெயிச்சாங்க, அடுத்த சீசன் 15 வெற்றி, 2 தோல்வி. 2024ல நம்ம சேஸ் என்ன பண்ணாரு? கேட்ச், யார்டு, டச்டவுன் மூணுலயும் லீக்லயே முதல் இடம், 1,708 யார்டு. நம்ம டீம்? 9-8, ப்ளேஆஃப் கிடையாது. டிஃபென்ஸும் ஓட்டையா இருந்துச்சு, அதை மறைக்கல, ஆனா பர்ரோ அந்த வருஷமும் 48 தடவ தரையப் பாத்தாரு.

ரிசீவர் கீழ ரவுண்டுல கிடைப்பான் நடுவர் ஐயா. பூக்கா நக்குவா அஞ்சாவது ரவுண்டு, முதல் வருஷமே 1,486 யார்டு ஓடி ரூக்கி ரெக்கார்டை உடைச்சாரு. ஆனா ஆறரை அடி உயரம், 320 பவுண்டு எடை, அதோட பரதநாட்டியம் ஆடுறவங்க மாதிரி பின்னாடி காலெடுத்து வைக்கத் தெரிஞ்ச மனுஷன் உலகத்துலயே எத்தனை பேரு இருப்பான்? அப்படி ஒருத்தன் கையில இருந்தா எந்த டீமும் வெளில விடமாட்டான், வேணும்னா கொள்ளை விலை குடுக்கணும், இல்ல டிராஃப்ட்ல சீக்கிரமா எடுக்கணும், வேற வழி கிடையாது.

இதை லேட்டா புரிஞ்சுகிட்டவங்க கதைதான் எனக்கு மனசு கஷ்டம். பக்கத்துல இண்டியானாபொலிஸ், இங்க இருந்து ரெண்டு மணி நேரம் டிரைவ். 2012ல முதல் பிக்ல ஆண்ட்ரூ லக்னு ஒரு க்வார்ட்டர்பேக், இவரு மாதிரி ஒரு பையன் பத்து வருஷத்துக்கு ஒருத்தன்தான்னாங்க. அவருக்கு முன்னாடி ஒழுங்கா அஞ்சு பேரை நிறுத்துனாங்களா? 2015ல ஏற்கனவே டி.ஒய். ஹில்டன்னு ஒரு நல்ல ரிசீவர் இருக்கும்போது முதல் ரவுண்டுல இன்னொரு ரிசீவரை எடுத்தாங்க. அதே வருஷம் லக்குக்கு கிட்னி கிழிஞ்சுது, விளையாட்டுல கிட்னி கிழியிறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் தோள்பட்டை, 2017 பூரா வெளில. கடைசியா 2018ல புத்தி வந்து ஆறாவது பிக்ல க்வென்டன் நெல்சன்னு ஒரு கார்டு, ரெண்டாவது ரவுண்டுல பிரேடன் ஸ்மித்துன்னு இன்னொரு லைன்மேன். அந்த சீசன்ல லக் கீழ விழுந்தது வெறும் 18 தடவ, ரெண்டு வருஷம் முன்னாடி 41. மருந்து வேலை செஞ்சுது, ஆனா உடம்பு தாங்கல. 2019 ஆகஸ்ட்ல, 29 வயசுல, வலி தாங்க முடியலன்னு ரிட்டயர் ஆயிட்டாரு, அந்த ராத்திரி சொந்த ஊர்க்காரங்களே மைதானத்துல பூன்னு கத்துனாங்க. கத்த வேண்டியது அவரைப் பாத்தா, டிராஃப்ட் ரூம்ல உட்கார்ந்திருந்தவங்களைப் பாத்தா?

இன்னொருத்தர் டேவிட் கார். 2002ல ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புது டீம், முதல் பிக் இவரு, க்வார்ட்டர்பேக். இவரைக் காப்பாத்த டோனி போசெல்லின்னு பெரிய டேக்கிளை புது டீமுக்காக நடத்துற எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட்ல எடுத்தாங்க, அவருக்குத் தோள் சரியில்ல, ஹூஸ்டனுக்கு ஒரு மேட்ச்கூட ஆடல. கார் அந்த ஒரு சீசன்ல 76 தடவ சாக் ஆனாரு. இன்னைக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு, அஞ்சு வருஷத்துல 249.

இப்ப எதிரணில இன்னொரு அக்கா நோட்ல ஏதோ எழுதிட்டு இருக்காங்க, எனக்குத் தெரியும் என்னன்னு, கான்சாஸ் சிட்டி க்வார்ட்டர்பேக் மஹோம்ஸ். மஹோம்ஸ் மாதிரி ஒரு மந்திரவாதி இருந்தா லைன் எதுக்குன்னு கேப்பாங்க. அக்கா, 2021 பிப்ரவரி சூப்பர் பவுல், டாம்பா. கான்சாஸ் சிட்டிக்கு மஹோம்ஸ் இருந்தாரு, டைரீக் ஹில் இருந்தாரு, ட்ராவிஸ் கெல்சி இருந்தாரு, அத்தனை ஸ்டாரும் மைதானத்துல. இல்லாதது ரெண்டு டேக்கிள் மட்டும், ரெண்டு பேருக்கும் அடி. மஹோம்ஸ் பந்தை எறியிறதுக்கு முன்னாடி பின்னாடியும் பக்கத்துலயும் ஓடுன ஓட்டம் மட்டும் 497 யார்டுன்னு கணக்கு எடுத்தாங்க, அஞ்சு மைதான நீளம், உசுருக்குப் பயந்து ஓடுன ஓட்டம். 31-9ன்னு தோத்தாங்க, ஒரு டச்டவுன்கூட இல்ல. அடுத்த மூணு மாசத்துக்குள்ள அந்த டீம் ஓட்டுக்கூரைய பிரிச்சு மேயிற மாதிரி லைனை மாத்துச்சு, ஒரு முதல் ரவுண்டு பிக்கைக் குடுத்து ஆர்லாண்டோ பிரவுனை வாங்குனாங்க, ஜோ தூனிக்கு 80 மில்லியன் டாலர் காண்ட்ராக்ட் போட்டாங்க, டிராஃப்ட்ல சென்டரும் கார்டும் எடுத்தாங்க. 2022ல டைரீக் ஹில்லையே வித்துட்டாங்க! ஸ்டார் ரிசீவர் போயாச்சு. 2023 பிப்ரவரில ஈகிள்ஸ் கூட சூப்பர் பவுல், அந்த ஈகிள்ஸ் அந்த சீசன்ல 70 சாக் எடுத்த கூட்டம், மஹோம்ஸை எத்தனை தடவ சாக் பண்ணாங்க? ஒண்ணுகூட இல்ல. கோப்பை யாருக்குன்னு நான் சொல்ல வேணாம்.

லைன்மேனை லேட்டாவும் எடுக்கலாமே, ஜேசன் கெல்சி ஆறாவது ரவுண்டு, ஜோர்டன் மைலாட்டா ஏழாவது ரவுண்டுன்னு தம்பி லிஸ்ட் படிச்சாரு. மைலாட்டா ஆஸ்திரேலியால ரக்பி ஆடிட்டு இருந்தவரு, 2018ல எடுத்தாங்க, முதல் மேட்ச் ஆடுனது 2020ல. ரெண்டு வருஷம் காத்திருக்க உங்க க்வார்ட்டர்பேக் எலும்பு ரெடியா? அதுவும் போக, அதே ஈகிள்ஸ் 2013ல நாலாவது பிக்கையே லேன் ஜான்சன்னு ஒரு டேக்கிளுக்கு குடுத்தாங்க, அதை ஏன் தம்பி வாசிக்கல? கான்சாஸ் சிட்டி கார்டு ட்ரே ஸ்மித்தும் ஆறாவது ரவுண்டுதான், அவரு கீழ இறங்கினதுக்கு காரணம் நுரையீரல்ல ரத்தக்கட்டு, திறமைக் குறைச்சல் கிடையாது. லாட்டரி விழுந்தவன் வீட்டைக் காட்டி எல்லாரும் லாட்டரி வாங்குங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

அந்த ஈகிள்ஸ் லைனுக்குப் பின்னாடிதான் பந்தைத் தூக்கிட்டு ஓடுற சேக்வான் பார்க்லி 2024ல 2,005 யார்டு ஓடுனாரு. அதே ஆளு, அதே கால், முந்தின வருஷம் நியூயார்க் ஜயன்ட்ஸ்ல 962. ஜயன்ட்ஸ் 2018ல ரெண்டாவது பிக்கை இவருக்குக் குடுத்தாங்க, நாலு இடம் தள்ளி க்வென்டன் நெல்சன் இருந்தாரு. சாட்சி சொல்ல பார்க்லியையே கூப்பிடலாம்.

மேண்டரிச் விஷயத்துல மட்டும் தம்பி என்னை மடக்கிட்டாரு, ஒத்துக்கிறேன். 1989, ரெண்டாவது பிக்ல கிரீன் பே டோனி மேண்டரிச்னு ஒரு டேக்கிளை எடுத்தாங்க, மூணாவது பேரி சாண்டர்ஸ், அஞ்சாவது டியோன் சாண்டர்ஸ், டாப் அஞ்சுல மத்த நாலு பேரும் ஹால் ஆஃப் ஃபேம். இதுக்கு என்கிட்ட பதில் கிடையாது, தண்ணி குடிச்சுக்கிறேன். ஆனா 2014ல டல்லஸ்ல ஓனரு ஜானி மன்சேல்னு ஒரு ஸ்டார் க்வார்ட்டர்பேக்கை எடுக்கணும்னு துடிச்சாரு, பையன் உட்பட ஆளுங்க சேர்ந்து அடக்கி ஜாக் மார்ட்டின்னு ஒரு லைன்மேனை எடுக்க வச்சாங்க. மன்சேல் க்ளீவ்லாந்து போயி ரெண்டு சீசன்ல காலி. மார்ட்டின் ஏழு தடவ ஃபர்ஸ்ட் டீம் ஆல் ப்ரோ. நம்ம ஓஹையோக்காரங்களுக்கு இது தனியா சொல்லணுமா என்ன, க்ளீவ்லாந்துக்காரர் யாராவது இருந்தா மன்னிச்சிடுங்க.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் ஐயா, கேட்டுச்சு, உட்கார்றேன். தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி அந்த 2022 சூப்பர் பவுல் கடைசி ப்ளேவை போன்ல ஒரு தடவ போட்டுப் பாருங்க. முதல் தடவ எல்லாரும் பந்தைத்தான் பாப்பாங்க. ரெண்டாவது தடவ போட்டு, பந்தை விட்டுட்டு 99 நம்பர் போட்டு வர்றவரையும் அவரைத் தடுக்க நின்னவரையும் மட்டும் பாருங்க. நன்றி, வணக்கம்.