வாரத்துக்கு 35 மணி நேரம்

(மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்காக ஆலய மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

இங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வெகுதூரம் இல்லை. ஆனாலும் நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இன்று அதன் பெயர் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும் கேலி மாறவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் நம்மிடையே நிறைய. அந்தக் கதவுக்குள்ளே நோயாளியோடு இன்னொருவரும் அடைபட்டுக் கிடக்கிறார். அநேகமாக அது அம்மா. சில வீடுகளில் மனைவி, சில வீடுகளில் கல்யாணம் ஆகாத அக்கா. இன்றைய பேச்சு அவருக்காக.

தலைப்பில் உள்ள 35 என்ற எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். மனச்சிதைவு நோயோடு (ஸ்கிசோஃப்ரீனியா என்பார்கள், இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும்) மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே போனவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள்தாம் அதிகமாக மறுபடியும் நோய் முற்றி வந்தார்கள். தங்குமிடத்துக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்கள் அவ்வளவாக வரவில்லை. பாசம் இருக்கும் இடத்தில் ஏன் இப்படி? 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வில் விடை தெளிவானது. ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை ஆகியவை மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. நிதானமான வீடுகளில் அது 13 விழுக்காடுதான். அப்படிப்பட்ட கொதிப்பான வீட்டிலும்கூட, நோயாளியும் பராமரிப்பவரும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக நேருக்கு நேர் இருந்தால் ஆபத்து குறைந்தது.

இதைக் கேட்டு எந்தத் தாயும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. களைத்துப்போன மனசு கத்தும், கத்தும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பும் என்கிறது, அவ்வளவே. அப்படியானால் பார்த்துக்கொள்பவரின் ஓய்வும் வைத்தியத்தில் சேர்ந்தது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். ஓய்வு எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் தயவுசெய்து இதை மனசில் வையுங்கள்.

நம் வீட்டுக் கணக்கைப் போடுவோம். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்த காலத்தில் ஒரு பையன் வித்தியாசமாக நடந்துகொண்டால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி, சத்தம் போட்டாவது ஒரு சின்ன வேலையில் இருத்தி வைப்பார். கேலியும் இருந்தது, கைகொடுப்பும் இருந்தது. தோட்டம் கைமாறி, சனங்கள் தாமான் குடியிருப்புக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போன பிறகு மூத்த பிள்ளைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலைக்கு இருக்கிறார்கள். வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும். தூக்கம் போக ஒரு நாளைக்கு 16 மணி நேரம். வாரத்துக்கு 112. முப்பத்தைந்து எங்கே, நூற்றுப் பன்னிரண்டு எங்கே!

ஆகவே, மகனைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அம்மாக்களுக்கு என் பதில்: முடிந்தவரை விடாதீர்கள். காலை ஷிப்ட்டில் நீங்கள் கழிக்கும் எட்டு மணி நேரம் உங்கள் இருவருக்குமே மருந்து. வேலை இல்லாதவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இரண்டு இரண்டு மணி நேரம் வெளியே போங்கள். நோயாளியையும் வெளியே அனுப்பப் பாருங்கள். மருத்துவமனைகள் நடத்தும் மெந்தாரி சமூக மனநல மையங்களில் பகல்நேரப் பயிற்சியும், வேலைக்குச் சேர உதவியும் உண்டு. உங்கள் கிளினிக்கில் அடுத்த முறை கேளுங்கள்.

கோபத்துக்கு வருகிறேன். வீட்டில் அதிகமாகத் திட்டு வாங்குவது எது தெரியுமா? குரல் கேட்பதோ சந்தேகப்படுவதோ இல்லை. அது நோய் என்று எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. மத்தியானம் வரை படுத்துக் கிடப்பது, குளிக்காதது, முகம் கொடுத்துப் பேசாதது, இவைதாம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறோம். உந்துதல் வற்றிப்போவது மனச்சிதைவின் இன்னொரு முகம். மருந்து குரல்களை அடக்கும் அளவுக்கு இதை அடக்காது. “எந்நேரமும் படுக்கைதானா?” என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை. “அய்யா, இந்தத் தட்டை மட்டும் கழுவிடு” என்பது செய்யக்கூடியது. ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு வாக்கியம், அவ்வளவு போதும். செய்து முடித்ததும் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

குரல் கேட்கிறது என்றால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “எனக்குக் கேக்கலய்யா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?” இந்த மூன்று வாக்கியத்தை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரவு இரண்டு மணிக்குப் புதிதாக யோசிக்க மூளை வராது.

இனி மருந்து. வீட்டில் பாதிச் சண்டை இதில்தான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு தலையணை உறைக்குள் போடுவது எல்லா ஊரிலும் நடப்பது. தினம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் வீடு சிறைச்சாலை ஆகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலை மாலைப் போராட்டம் குறையும்.

ஒரு காட்சியை மட்டும் கூர்ந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பல குடும்பங்கள் தடம் மாறுவது இதில்தான். மருந்து தொடங்கி அல்லது அளவு கூட்டிச் சில நாள்தான் ஆகியிருக்கும். திடீரென்று பையனின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கும். தாடை இறுகும். கண்விழிகள் மேலே ஏறி, வெள்ளை மட்டும் தெரியும். பார்த்தவர்கள் ‘சாமி வந்துவிட்டது’, ‘பேய் ஏறிவிட்டது’ என்று வேப்பிலையைத் தேடுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. தசை தானாக இழுக்கிறது. நினைவு தெளிவாக இருக்கும், வலியும் பயமும் தாங்க முடியாததாக இருக்கும். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால் ஓர் ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். தொண்டை இழுத்து மூச்சு திணறினால் 999-ஐ அழையுங்கள். அன்றோடு மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்கள்தாம் சில மாதத்தில் மறுபடியும் வார்டில் நிற்கின்றன. மருந்தை மாற்றச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசாபின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால்: முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலை அலட்சியம் செய்யக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது. மருத்துவமனையில் கேட்டுச் சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் செம்பனைக் காட்டு வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குறையக் குறைய இரத்தத்தில் மருந்து ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல் கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பு வலிக்கு என்று மருந்துக்கடையில் ஐபுபுரோஃபன், டைக்குளோஃபெனாக் போன்றவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

நோய் திரும்புவதற்கு முன் அநேகமாகத் தூக்கம்தான் முதலில் போகும். கடைக் கணக்கு எழுதும் பழைய 555 நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, எத்தனை மணி நேரம் தூங்கினார், மருந்து போட்டாரா, மூன்றே விஷயம். தொடர்ந்து இரண்டு இரவு தூங்கவில்லை என்றால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திராமல் கிளினிக்கை அழையுங்கள்.

வெட்டுக்கத்தி, செம்பனை அரிவாள், களைக்கொல்லி மூன்றும் வீட்டுக்கு வெளியே பூட்டிய இடத்தில் இருக்கட்டும். மிச்ச மாத்திரைகளையும் பூட்டுங்கள். நோயாளி கொதித்து நிற்கும்போது வாசலை மறைத்து நிற்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். நீங்கள் வெளியேறவும் வழி இருக்கும்படி ஒதுங்கி நில்லுங்கள். மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்பவரை என்ன செய்வது? 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010 முதல் நடப்பில் உள்ளது. உறவினர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரைத்தால் அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்கலாம். ஆபத்தான நிலை என்றால் போலீசார் அவரை மருத்துவரிடம் கொண்டுசெல்லவும் அதில் இடம் உண்டு. தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு அது குற்றமல்ல என்றாகிவிட்டது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. குறைந்தது இரண்டு ஆண்டு மனநலச் சிகிச்சையில் இருப்பவர் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அது வேண்டும். முன்பு வேலை செய்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியிருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று அங்கேயும் கேளுங்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. பிள்ளை கண்முன்னே நடமாடுகிறான், ஆனால் பள்ளியில் பரிசு வாங்கிய அந்தப் பிள்ளை இல்லை. செத்தவருக்கு எட்டு உண்டு, பதினாறு உண்டு, ஊர் கூடி அழும். இந்த இழப்புக்கு ஒரு சடங்கும் இல்லை. அந்தத் துக்கம்தான் பல வீட்டில் கோபமாக வெளிவருகிறது. ‘இவன் போய்ச் சேர்ந்தால் தேவலாம்’ என்று ஒரு கணம் தோன்றியதற்காக வருஷக்கணக்கில் தன்னைத் தண்டித்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. அம்மா, அது களைப்பின் குரல். அதை ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். மனம்விட்டுப் பேச உதவித் தொலைபேசிகள் உண்டு. ஹீல் 15555 காலை எட்டு முதல் நள்ளிரவு வரை இருக்கிறது. பெஃப்ரண்டர்ஸ் 03-7627 2929 நாள் முழுதும். கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் தூக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்கவே 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. எனக்கும் போட்டுப் பாருங்கள் என்று கேட்கலாம்.

அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, மாதம் இருநூறு வெள்ளி அனுப்புவது நல்லதுதான். அதைவிட ஒரு நாள் கொடுங்கள். வாசலில் மேசைமேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம், ஏழு கட்டம் போட்டு. இந்த வாரம் எந்தக் கிழமை சாயங்காலம் நான்கு முதல் எட்டு வரை அம்மாவுக்குப் பதில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள் என்று உங்கள் பெயரை எழுதி, அதை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, பிறகு காப்பி குடிக்கப் போங்கள்.