எங்கள் ஓட்டு சுவர்ணலதாவுக்கே!

நடுவர் ஐயாவுக்கும், குறிப்புச் சீட்டும் கையுமா என்னை மடக்கக் காத்திருக்கிற எதிரணி நண்பர்களுக்கும், ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கிற வாசகப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவங்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி ஒரே குடும்பத்துப் பெண்களை வச்சு மூணு நாவல் எழுதினாங்க. 1964-ல 'பிரதம் பிரதிஷ்ருதி', 1967-ல 'சுவர்ணலதா', 1974-ல 'பகுல் கதா'. பாட்டி சத்யவதி, மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல். இதுல வாசகர் நெஞ்சுல ஆழமா நிக்கிறவ சத்யவதியா, சுவர்ணலதாவா? பகுலைத் தலைப்புலயே கழட்டி விட்டுட்டீங்க. அந்த வழக்கை இன்னொரு நாள் வச்சுக்குவோம்.

எனக்கு முன்னால பேசின தம்பி சத்யவதியைத் தேர்ல ஏத்தி ஊர்வலமே விட்டுட்டாரு. எட்டு வயசுல கல்யாணம் ஆனவ. பெண்டாட்டியை அடிச்ச அண்ணன்காரனைப் பாட்டுக் கட்டி ஊர்ப் பிள்ளைங்களைப் பாட வச்சவ. கிராமத்தை விட்டுக் கிளம்பிக் கல்கத்தாவுல தனிக் குடித்தனம் வச்சவ. ஒன்பது வயசு மகளைத் தனக்குத் தெரியாம மாமியார் எலோகேஷி கட்டிக் கொடுத்துட்டான்னு தெரிஞ்சதும், அந்தக் குடும்பமே வேண்டாம்னு காசிக்குப் போனவ. எல்லாம் உண்மை. எனக்கும் அவளைப் பிடிக்கும். கடைசியில தம்பி ஒரு போடு போட்டாரு பாருங்க: "சுவர்ணலதா என்ன சாதிச்சா? ஆயுசு பூரா புருஷனோட சண்டை போட்டா, அவ்வளவுதானே?"

தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறேன். (பின்வரிசைக்காரங்க ரொம்பக் கைதட்டாதீங்க, வீட்டுக்குப் போகணும்.)

ஐயா, சத்யவதியைப் படிச்சா வாசகருக்கு என்ன வருது? மரியாதை வருது, பெருமை வருது, 'அடேயப்பா'ன்னு வாய் பிளக்கிறோம். சுவர்ணலதாவைப் படிச்சா தூக்கம் போகுது. ஒருத்தரை மெச்சிட்டுப் புத்தகத்தை மூடி வச்சிடலாம். மனசைக் குடையறவங்களை அப்படி மூடி வைக்க முடியாது.

ஒரே ஒரு காட்சி சொல்றேன். வடக்குக் கல்கத்தாவுல அந்தக் குடும்பம் புது வீடு கட்டுது. சுவர்ணலதாவுக்கு அப்ப 14 வயசு. நகை கேக்கலை, பட்டு கேக்கலை. புருஷன் பிரபோத்கிட்ட அவ கேட்டது ஒண்ணுதான்: தெருவைப் பார்த்த மாதிரி ஒரு வராந்தா. அங்க நின்னா ஊர்வலம் தெரியும், போற வர ஜனம் தெரியும், வெளியில ஒரு உலகம் இருக்குன்னு தெரியும். அவனும் தலையை ஆட்டினான். 'ஆச்சு, கட்டியாச்சு'ன்னான். புது வீட்டுல காலடி வச்ச அன்னைக்கு அந்தப் பொண்ணு மத்த எதையும் பார்க்கலை. ஓடறா. இந்த ரூம்ல நுழையறா, அந்த ரூம்ல நுழையறா, வந்த ரூம்லயே திரும்ப வந்து நிக்கிறா. ஒருவேளை கவனிக்காம விட்டுட்டோமோன்னு மறுபடி மாடி ஏறறா. வராந்தா இல்லை. அவன் வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்கலை. பொண்டாட்டி வாயை அடைக்க ஒரு பொய், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தோட புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டு, அடுத்த நாள்தான் மறுபடி எடுத்தேன்னு எங்க வாசகர் வட்டத்துல ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தங்க சொன்னாங்க. சத்யவதி காசிக்குப் போன இடத்துல என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். "கைதட்டினேன், அடுத்த புத்தகம் எங்கேன்னு தேடினேன்"னாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆம்பளை வாசகர்கள் என்ன சொல்றாங்கன்னும் கேளுங்க. சத்யவதி புருஷன் நவகுமாருக்காக வக்காலத்து வாங்க ஒருத்தர்கூட வர்றதில்லை. 'பாவம், அப்பாவி'ன்னு விட்டுடறாங்க. பிரபோத் பேரை எடுத்தா மட்டும் நாற்காலி நகருது. 'அவன் ஒண்ணும் மோசமானவன் இல்லைங்க, பெண்டாட்டி மேல அவனுக்கு ஆசை இருக்கே!' ஆசை இருக்கு, யார் இல்லைன்னா? கூடவே சந்தேகம் இருக்கு, பயம் இருக்கு, அம்மா முக்தகேஷி முன்னால வாயே வராத கோழைத்தனம் இருக்கு. கொடுமைக்காரனா இருந்தா வாசகர் அவனைத் திட்டிட்டுப் போயிருப்பார். பிரபோத் கொடுமைக்காரன் இல்லை, சாதாரண ஆள். அதனாலதான் அவனுக்காக வாதாட வேண்டியிருக்கு. வாதாடறவர் யாருக்காக வாதாடறாருன்னு அவர் சம்சாரத்துக்குத் தெரியும்.

அடுத்து, எதிரணித் தோழியோட பிரம்மாஸ்திரம்: 'அம்மா வெளியேறினாளே, மகள் ஏன் வெளியேறலை?' இந்தக் கேள்வியில கோபம் இருக்கா இல்லையா? சத்யவதி மேல இப்படிக் கோபப்பட்ட வாசகரைக் காட்டுங்க. பதிலும் சொல்லிடறேன். சத்யவதி வெளியேறினப்ப போறதுக்கு ஒரு இடம் இருந்தது. காசியில அப்பா ராமகாளி இருந்தார். ஊரே கையெடுத்துக் கும்பிட்ட வைத்தியர், மகளோட அறிவை மதிச்ச மனுஷன். சுவர்ணலதாவுக்கு அப்படி யார் இருந்தா? தாய் வீடுன்னு ஒண்ணு மிச்சம் இல்லை. தாய் வெளியேறினதுக்கான வசவெல்லாம் புகுந்த வீட்டுல இவ தலையிலதான் விழுந்தது. 'குடும்பத்தை உதறிட்டுப் போனவ பெத்த பொண்ணுதானே நீ' — இதை எத்தனை வருஷம் கேட்டா! சத்யவதி கதவைச் சாத்திட்டுப் போனா, அந்தக் கதவுல விரல் நசுங்கினது ஒன்பது வயசுப் பிள்ளைக்கு. இதைச் சொல்றதால நான் சத்யவதியைக் குத்தம் சொல்லலை. கணக்கு எங்க வந்து நின்னதுன்னு காட்டறேன்.

அப்புறம், சுவர்ணலதா சும்மா 'முணுமுணுத்தா'ன்னு உங்க அணியில சொன்னீங்களே. கல்கத்தாவே சுதேசின்னு கொந்தளிச்ச காலத்துல, பூஜைக்கு வாங்கின சீமைத் துணியைத் தீ வச்சுக் கொளுத்தினவ முணுமுணுக்கிறவளா? அடுப்படிக்கும் பிரசவ அறைக்கும் நடுவுல கிடைச்ச நேரத்துல உட்கார்ந்து தன் கதையை எழுதினாளே, அது முணுமுணுப்பா?

விருது விஷயத்துக்கும் வர்றேன். 1976-ல ஞானபீடம் கிடைச்சது சத்யவதி கதைக்குத்தானேன்னு கேட்டீங்க. ஆமாம், அந்த விருதை வாங்கின முதல் பெண் ஆஷாபூர்ணா தேவிதான், வாங்கிக் கொடுத்தது 'பிரதம் பிரதிஷ்ருதி'தான். நடுவர் குழுவோட தீர்ப்பு அது. இன்னைக்குத் தலைப்புல 'வாசகர்'னு போட்டிருக்கு. பள்ளிக்கூட வாசலே மிதிக்காம, அண்ணன்மார் படிக்கிறதைக் கேட்டே எழுத்துக் கத்துக்கிட்டவங்க ஆஷாபூர்ணா. வீட்டுக்குள்ள இருந்தே எழுதின அந்தம்மாவுக்கு வராந்தா இல்லாத வீட்டோட புழுக்கம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவர்ணலதா பக்கங்கள்ல அந்த வெக்கை அப்படியே இருக்கு.

மணி அடிச்சுட்டீங்க, ஒரு நிமிஷம் கொடுங்க ஐயா. முக்கியமானது இனிமேதான்.

சுவர்ணலதா எழுதின அந்தக் கதையை மாமியார் வழி உறவுக்காரர் ஜகு தன்னோட அச்சகத்துல அச்சடிச்சுக் கொடுக்கிறார். மட்டமான தாள், வரிக்கு வரி அச்சுப்பிழை. வீட்டு ஆம்பளைங்க, அவ பெத்த மகன்கள் உட்பட, சிரிக்கிறாங்க. ஒரு பிரதி விடாம எடுத்துட்டுப் போய் எரிச்சுடறா. அந்தத் தீயைப் பார்த்த கடைசி மக பகுல், அம்மாவோட தொலைஞ்சு போன எழுத்தைத் தேடி எடுப்பேன்னு மனசுல உறுதி எடுக்கிறா.

இப்ப முதல் நாவலோட முதல் பக்கத்தைத் திறங்க. சத்யவதியோட கதை நான் எழுதினது இல்லை, பகுலோட நோட்டுப் புத்தகத்துல இருந்து எடுத்ததுன்னு தொடங்கறாங்க ஆசிரியை. அந்த நோட்டு எழுத யார் காரணம்? சுவர்ணலதாவோட எரிஞ்சு போன புத்தகம். சுவர்ணலதாவைப் பொருட்படுத்தாம விட்டிருந்தா, நீங்க தேர்ல ஏத்தின சத்யவதி யாருக்குத் தெரிஞ்சிருப்பா? அடுத்துப் பேச வர்ற எதிரணித் தலைவர் இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும், மத்ததை நான் கேக்கலை. நன்றி, வணக்கம்.