வால்வைத் திருகிய கை

(தாராவியில் நடந்த தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னே வந்து பாயில் உட்காருங்கள்.

நான் வக்கீல் இல்லை. சயான் பக்கம் ஒரு எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில், அதாவது குடிசைவாசிகளுக்கு மறுவாழ்வாகக் கட்டிக் கொடுத்த கட்டடத்தில், ஆறு வருஷம் வீட்டுவசதிச் சொசைட்டியின் செகரட்டரியாக இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எங்கள் நாலாவது மாடியில் ஒரு அம்மா, கணவர் இறந்தபிறகு இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். பதினாலு மாத மெயின்டனன்ஸ் பாக்கி. கமிட்டி கூடியது. "தண்ணியை நிறுத்துங்க, பணம் தானா வரும்" என்றார் ஒருவர். ஏழு பேரும் கை தூக்கினோம். மினிட் புக்கில் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போய், டேங்கிலிருந்து அந்த வீட்டுக்கு இறங்கும் குழாயின் வால்வைத் திருகி மூடியதும் நான்தான். துருப்பிடித்த வால்வு, இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. இறங்கி வருகிறேன், படியில் அந்த அம்மா குடத்தோடு நிற்கிறார்கள். "அண்ணே, தண்ணி வரல. எல்லாருக்குமா?" என்று கேட்டார்கள். எனக்கு நா எழவில்லை.

பதினோராம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சொசைட்டியின் பெயரோடு எங்கள் ஏழு பேரின் பெயரும் தனித்தனியாக இருந்தது. முதல் பெயர் என்னுடையது.

பாக்கியைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா? இருந்தது. 1960ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டப்படி ரிஜிஸ்டிராரிடம் போய், வசூல் சான்றிதழ் வாங்கி, முறையாக வசூலித்திருக்கலாம். அந்த வழி நீளம் என்று நாங்களே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தோம்.

உரிமை வேறு, அதிகாரம் வேறு. இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்று ஒருவர். பிராட்ஃபோர்டு நகரத்தின் தண்ணீர் ஊற்றுக்குப் போகும் நிலத்தடி நீரைத் தன் நிலத்திலேயே பள்ளம் தோண்டி மறித்தார். தன் நிலத்தை நகராட்சி நல்ல விலைக்கு வாங்கட்டும் என்பதற்காகத்தான் செய்கிறார் என்று நகராட்சி வழக்குப் போட்டது. 1895இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அவருடைய நிலம், அவருடைய உரிமை. உள்நோக்கம் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டியதில்லை என்றது. என் மனசு அந்தத் தீர்ப்பை ஒப்பவில்லை. ஆனால் அந்தச் சலுகைகூட சொந்த நிலத்தில் நிற்பவருக்குத்தான். அதிகாரம் சொந்தச் சொத்து கிடையாது, ஒரு காரியத்துக்காக அடுத்தவர் நம் கையில் கொடுத்தது. அந்தக் காரியத்தைத் தாண்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இது நம் ஆட்களின் கதையிலேயே இருக்கிறது. விலே பார்லே கிழக்கில், வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் காமராஜ் நகர் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. ஹைவே ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளிகள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள். நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். 1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். வறட்சியால் வேலை இழந்து 1961இல் பம்பாய்க்கு வந்த சேலத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் குடிசையை இடித்து, அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். ஊரில் என்ன இருக்கிறது? வேலை தேடித் திரும்பவும் இங்கேயே வந்தார். உச்ச நீதிமன்றம் போனவர்களில் காமராஜ் நகர்க்காரர்களும் உண்டு, அவரும் உண்டு.

நடைபாதை ஆக்கிரமிப்பை நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்று 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு கமிஷனருக்கு அதிகாரம் தருகிறது. 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பிழைப்பு இல்லாமல் உயிர் வாழும் உரிமை இல்லை என்றது. அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் இடிக்கலாம் என்றால் எப்போதும் அப்படித்தான் இடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, சாதாரணமாக அங்கே குடியிருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை குடிசைகளைத் தொடக்கூடாது என்றும் சொன்னது. வென்றோம் என்று சொல்ல முடியாது. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை நீதிமன்றம் தரவில்லை.

அதிகாரி தப்பு செய்தால் நஷ்டஈட்டை யார் கட்டுவது? அரசு கட்டும் என்றால் நாம்தான் கட்டுகிறோம், நம் வரிப் பணத்தில். வீட்டை ஒப்படைப்பதில் இழுத்தடித்த லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே கேட்டது. முதலில் ஆணையம் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பான அதிகாரிகளைக் கண்டுபிடித்து அவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு புல்டோசர் இடிப்பு வழக்கில் இன்னும் இறுக்கிப் பிடித்தது. 15 நாள் நோட்டீஸ் வேண்டும். மீறி இடித்தால் அந்த அதிகாரியே தன் செலவில் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும் என்றது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை, இந்த இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ரயில் ஓரத்தில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பு காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஆதரவு 1985ஆம் வருஷத் தீர்ப்புதான். அதனால் யார் இடிக்க வந்தாலும் ஆர்டரைக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டவர் யார், எந்தப் பதவி, என்ன தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். பஞ்சநாமாவை, அதாவது சாட்சிகள் முன் நடந்ததை எழுதும் பத்திரத்தை, வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். "முனிசிபாலிட்டி இடித்தது" என்று புகார் எழுதினால் அது யாருடைய மேஜைக்கும் போய்ச் சேராது. ஆள் பெயர் வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நோட்டீஸ் வந்த அன்றே வால்வைத் திறந்துவிட்டேன். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த அம்மாவின் வக்கீல் செலவையும் ஒரு தொகையையும் கொடுக்க ஒப்புக்கொண்டோம். சொசைட்டி உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் ஜெனரல் பாடியில் ஒருவர் எழுந்து, "சொசைட்டிக்காகத்தானே செஞ்சாங்க, சொசைட்டி ஃபண்டிலேயே கொடுத்துடலாம்" என்றார். பலபேர் தலையாட்டினார்கள். நான் மறுத்தேன். அந்த ஃபண்டில் அந்த அம்மா முன்பு கட்டிய பணமும் இருக்கிறது, அவர்கள் காசையே எடுத்து அவர்களுக்கு நஷ்டஈடாகக் கொடுப்பதா என்று கேட்டேன். ஏழு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். இரண்டு பேர் அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பாக்கியை அந்த அம்மா மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த நோட்டீஸைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள். மராத்தியில் இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.